எஃப்.ஐ.ஆரைக் கையில் கொடுத்துப் பாருங்கள்: கிரிமினல் வக்கீல் பிடிப்பது பற்றி வாசகர் கேள்விகள்

ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் என் தம்பி மேல் கொலை முயற்சி வழக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளே போய் இருபது நாள் ஆகிறது. எங்கள் நில வழக்கைப் பார்க்கும் வக்கீலே ஜாமீன் மனு போட்டார். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஒன்று, செஷன்ஸில் ஒன்று, இரண்டும் தள்ளுபடி. "சென்னையிலிருந்து பெரிய வக்கீலைக் கூட்டிவந்தால்தான் நடக்கும்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

திண்டுக்கல் வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனால் மதுரைக் கிளைக்குத்தான் போகும், சென்னைக்கு அல்ல. மதுரைக் கிளையில் தினமும் ஜாமீன் மனு நடத்துகிறவர்கள் மதுரையிலேயே இருக்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவருக்கு ரயில் டிக்கெட்டும் லாட்ஜும் சேர்த்து நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

வக்கீலை மாற்றுவதற்கு முன் அந்த இரண்டு தள்ளுபடி உத்தரவுக்கும் நகல் மனு போட்டு வாங்குங்கள். ஏன் தள்ளுபடி ஆனது என்று அதில் எழுதியிருக்கும். "காயம்பட்டவர் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்" என்பது காரணமானால், அவர் டிஸ்சார்ஜ் ஆன தேதிதான் உங்கள் அடுத்த மனுவின் உயிர். "விசாரணை ஆரம்பக் கட்டம்" என்றிருந்தால் முக்கியமான சாட்சிகளை விசாரித்து முடித்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். "முன் வழக்குகள் உள்ளன" என்றால் அவை ஒவ்வொன்றும் இப்போது எந்த நிலையில் என்று பட்டியல் வேண்டும். எதுவும் மாறாமல் அதே மனுவை மறுபடி டைப் அடித்துப் போட்டால் அதே உத்தரவுதான் திரும்பி வரும். அடுத்த மனுவில் முந்தைய இரண்டு தள்ளுபடியையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த ஜாமீனும் ரத்தாகலாம்.

புது வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தொண்ணூறாவது நாள் என்றைக்கு வருகிறது சார்?" கொலை முயற்சி இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 109-வது பிரிவு. காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும். அப்படிப்பட்ட வழக்கில் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த நடைமுறைச் சட்டம்) 187(3)-இன்படி ஜாமீன் உரிமையாகவே வந்துவிடும். (பத்து ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்குகளில் 60 நாள்.) ரிமாண்ட் ஆன தேதியை, அதாவது மாஜிஸ்ட்ரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட தேதியை, முதல் நாளாக எண்ண வேண்டும். 90 நாள் முடிந்து 91-ஆம் நாள் காலை கோர்ட் திறந்ததும் ஜாமீன் மனு தாக்கலாகி எண் வாங்கியிருக்க வேண்டும். மத்தியானம் போகலாம் என்று வக்கீல் இருந்து, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டுவிட்டால் அந்த உரிமை போயிற்று. கேஸ் கட்டின் மேலட்டையிலேயே அந்தத் தேதியை எழுதி வைத்திருக்கிற வக்கீலை நம்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்கிறவரிடம் யோசித்துக்கொள்ளுங்கள்.

நில வழக்கு வக்கீலைக் குறை சொல்வதற்கில்லை. மூலப்பத்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஓட்டையைச் சொல்கிறவராக இருப்பார். ஆனால் நாள் கணக்குத் தவறினால் சிவிலில் தாமத மன்னிப்பு மனு போட்டுச் சரிக்கட்டலாம். இங்கே தவறிய நாளுக்கு மன்னிப்பு மனு கிடையாது.

நல்ல கிரிமினல் வக்கீல் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? போர்டா, யூடியூப் பேட்டியா, ஃபீஸா?
- வாசகர், வேலூர்

விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. போஸ்டரில் முகம் காட்டி ஆள் பிடிக்கிறவர் முதல் விதியையே மீறிவிட்டுத்தான் உங்களைப் பார்க்கிறார்.

எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பழகிய கை, புகார்தாரர் எழுதிய கதைக்குள் நேரே போகாது. முதலில் சட்டப் பிரிவுகள். அடுத்து மூன்று நேரங்கள்: சம்பவம் நடந்த நேரம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம், எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்கு அனுப்பிய நேரம். ஸ்டேஷனிலிருந்து சம்பவ இடம் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் பார்ப்பார். ராத்திரி 8 மணிக்கு நடந்த சண்டைக்கு 9 மணிக்கே எஃப்.ஐ.ஆர். போட்டதாக எழுதியிருக்கும். ஆனால் மாஜிஸ்ட்ரேட் கையெழுத்துக்குக் கீழே மறுநாள் மாலை 4 மணி என்று இருக்கும். இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஏன் பத்தொன்பது மணி நேரம்? நடுவில் உட்கார்ந்து ஆள் பெயர் சேர்த்தார்களா? விசாரணையின்போது ஏட்டையாவிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது.

அடுத்து அவர் கேட்பது ஏ.ஆர். காப்பி. அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகல். "தெரிந்த இரண்டு பேர் கட்டையால் அடித்ததாகச் சொல்கிறார்" என்று அதில் இருக்கும், எஃப்.ஐ.ஆரில் ஆறு பேர், கையில் அரிவாள். டாக்டரிடம் சொன்னது முதலில், ஸ்டேஷனில் சொன்னது பிறகு என்றால் நடுவில் நான்கு பேரும் ஒரு அரிவாளும் முளைத்திருக்கிறார்கள். அடிதடி வழக்குகள் பாதி இந்த ஒற்றைத் தாளில்தான் உடைகின்றன. சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுகிற பார்வை மகஜரும் வரைபடமும் கிடைத்தால், தெருவிளக்கு எங்கே குறித்திருக்கிறார்கள் என்று தேடுவார்.

இதையெல்லாம் பார்க்காமல் "இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டப்பட்டவர்தான்" என்று ஆரம்பிக்கிறவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வெளியிலிருந்து சரிபார்க்க வழி உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரையோ பார் கவுன்சில் பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். எந்தக் கோர்ட், என்ன மாதிரி வழக்கு, விசாரணை வரை நடத்தினாரா, வெறும் ஜாமீன் மனுக்கள்தானா என்று ஓரளவு தெரியும். ஓரளவுதான், கிரிமினல் வழக்குகளில் வக்கீல் பெயரை ஏற்றாமலே விட்டுவிடுவது சகஜம். எண்ணிக்கை குறைவாகக் காட்டினால் அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். அதைவிட நல்லது, ஒரு நாள் காலை 10.30-க்கு அந்தக் கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்காருவது. பெரும்பாலான விசாரணைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாட்சி கூண்டில் ஏறியதும் அன்றைக்கே குறுக்கு விசாரணை செய்கிறாரா, "அப்புறம் செய்கிறேன்" என்று தள்ளுகிறாரா என்பதைக் கவனியுங்கள். தள்ளுவது பழக்கமாகிவிட்டவரிடம் ஆபத்து இருக்கிறது. பிறகு அந்தச் சாட்சியை மறுபடி அழைக்க நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 348-இல் மனு போட வேண்டும். கோர்ட் மறுத்தால் சாட்சி சொன்னது மறுக்கப்படாமலே நின்றுவிடும்.

யார் நேரில் நடத்துவார் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஜூனியர் நடத்தினால் தப்பில்லை, பல ஜூனியர்கள் கட்டை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். சீனியரைப் பார்த்து ஃபீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் கட்டைப் பிரித்தே பார்க்காத ஒருவர் எழுந்து நிற்பதுதான் தப்பு. ஹைகோர்ட் "சீனியர் அட்வகேட்" என்ற பட்டம் பெற்றவர் கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்கவோ வக்காலத்துப் போடவோ கூடாது. இன்னொரு வழக்கறிஞர் மூலம்தான் வருவார். ஆக, ஃபீஸ் இரண்டு.

ஜாமீன் கிடைத்தால் இரண்டு லட்சம், கிடைக்காவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்கிறார் ஒரு வக்கீல். நியாயமாகத்தானே தெரிகிறது?
- வாசகர், திருப்பூர்

கேட்க நியாயம்தான். விதி அதைத் தடுக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 20 சொல்கிறது. "கிடைத்தால்" என்ற சொல்லுக்குப் பின்னால் சில சமயம் வேறொன்றும் ஒளிந்திருக்கும். "மேலே கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று யாராவது சொன்னால், அந்தப் பணம் மேலே போவதில்லை, சொன்னவர் பையிலேயே நின்றுவிடும். ஜாமீன் இயல்பாகக் கிடைத்தால் அவர் வாங்கித் தந்ததாகக் கணக்கு. நிஜமாகவே மேலே போனால் அது லஞ்சக் குற்றம், நீங்களும் உள்ளே.

கிரிமினல் ஃபீஸுக்கு உச்சவரம்பு என்று எந்தச் சட்டமும் இல்லை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள். மாஜிஸ்ட்ரேட் கோர்ட் ஜாமீனுக்கு இவ்வளவு, செஷன்ஸுக்கு இவ்வளவு, ஹைகோர்ட் போனால் இவ்வளவு, விசாரணை தனி, அப்பீல் தனி. ஜாமீன் ஃபீஸில் என்னென்ன அடங்கும் என்பதில்தான் சண்டை வரும். உத்தரவு வாங்கியதோடு வேலை முடிவதில்லை. ஜாமீன்தாரர்களைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். வழக்கமாக இரண்டு பேர், போட்டோ, இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக் நகல். பல கோர்ட்டுகளில் வீட்டு வரி ரசீதும் கேட்பார்கள். பிறகு விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை இருந்தால், சில வாரம் கழித்து நிபந்தனைத் தளர்வு மனு. இவை எல்லாம் அந்தத் தொகைக்குள்ளா, வெளியிலா? ஒரு துண்டுத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள், முடிந்தவரை பேங்க் வழியாகவே கொடுங்கள்.

கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கிற ஆட்களை யார் ஏற்பாடு செய்தாலும் ஒதுங்கிவிடுங்கள். அவர்கள் காட்டும் வரி ரசீது போலி என்று தெரிந்தால் புது வழக்கு ஒன்று சேர்ந்துகொள்ளும்.

என் மகனும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் ஒரே வழக்கில் ஏ1 முதல் ஏ4 வரை (குற்றம் சாட்டப்பட்டவர்களின் வரிசை எண்). நாலு குடும்பமும் சேர்ந்து ஒரே வக்கீலை வைத்தால் செலவு குறையுமே?
- வாசகி, தூத்துக்குடி

ஜாமீனுக்கு வைக்கலாம். விசாரணைக்கு வேண்டாம், நாலு பேரும் ஒரே கதையைச் சொல்லப்போகிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் தவிர. "கத்தியை அவன்தான் வைத்திருந்தான், நான் சும்மா நின்றேன்" என்பது உங்கள் மகனுக்கு நல்ல வாதமாக இருக்கலாம். ஏ1-க்கும் ஆஜராகிற வக்கீலால் அதைச் சொல்லவே முடியாது.

போலீஸ் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். வக்கீலோடு போனால் "குற்றவாளி மாதிரி வந்திருக்கியே" என்பார்களா?
- வாசகர், ஓசூர்

சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 35(3)-இல் வந்த நோட்டீஸ் என்றால் குறித்த தேதியில் கட்டாயம் போங்கள். நோட்டீஸை மதித்து ஆஜராகிறவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. கைதாகி விசாரிக்கப்படுகிறவர் நடுவே வக்கீலைச் சந்திக்க அதே சட்டத்தின் பிரிவு 38 உரிமை தருகிறது, ஆனால் விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார முடியாது. உங்களோடு வருகிற வக்கீல் முன்னதாகவே சொல்லித்தர வேண்டியது ஒன்று உண்டு: விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, போடச் சொல்லவும் கூடாது. பிரிவு 181. வெற்றுத் தாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

கைது செய்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தந்தார்களா என்று வக்கீல் ரிமாண்டின்போதே மாஜிஸ்ட்ரேட்டிடம் கேட்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டின் சமீப கால தீர்ப்புகளால் இது பலமான ஆயுதமாகிவிட்டது. ரிமாண்டுக்கே வராமல் "ஜாமீனில் பார்த்துக்கலாம்" என்கிறவர் அதைக் கைவிட்டுவிடுகிறார். உடம்பில் அடி இருந்தாலும் அங்கேயே, அப்போதே சொல்லிப் பதிவாக வேண்டும்.

பழைய வக்கீலை மாற்ற நினைக்கிறோம். மீதி ஃபீஸ் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன், நோ அப்ஜெக்‌ஷனும் போடுவேன் (வேறு வக்கீல் வருவதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவது) என்கிறார்.
- வாசகர், கடலூர்

ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. 2000-இல் ஆர்.டி. சக்ஸேனா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்க வேண்டியதுதான். நேரில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ரிஜிஸ்தர் தபாலில் கடிதம். அதற்கும் அசையவில்லை என்றால் புது வக்கீல் கோர்ட் அனுமதியோடு மாற்று வக்காலத்துப் போடலாம். குற்றப்பத்திரிகை நகலைக் கோர்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் வழக்கறிஞர் சட்டம் பிரிவு 35-இல் புகார். நுகர்வோர் கோர்ட் மட்டும் போகாதீர்கள்; வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது.

ஆனால் ஒன்று. அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வக்கீலும் அதே பார் ரூமில்தான் உட்காருகிறார்.

எங்கள் ஊரில் நடந்த ஒரு கொடுமையான வழக்கில் கைதானவருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று பார் அசோசியேஷன் தீர்மானம் போட்டிருக்கிறது. அப்படியானால் அவருக்கு வக்கீலே கிடையாதா?
- வாசகர், ஈரோடு

உண்டு. அந்தத் தீர்மானம் செல்லாது. கோயம்புத்தூரில் இப்படிப் போட்ட தீர்மானத்தைப் பற்றித்தான் 2010-இல் ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் சுப்ரீம் கோர்ட் கடுமையாக எழுதியது. பக்கத்து மாவட்ட வக்கீலை வைக்கலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் வக்கீல் தந்தாக வேண்டும்.

கையில் காசில்லை. அரசாங்கம் தருகிற இலவச வக்கீல் சும்மா பேருக்குத்தான் வருவார் என்கிறார்களே?
- வாசகி, பெரம்பலூர்

முன்பு அந்தக் குறையில் உண்மை இருந்தது. தன் சொந்த வழக்குகளுக்கு நடுவே வந்து போகிற பேனல் வக்கீலுக்குக் கிடைத்த தொகையும் சொற்பம், அக்கறையும் அப்படித்தான் இருந்தது. இப்போது பல மாவட்டங்களில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பு என்று முழுநேர அலுவலகமே இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், தனி வழக்கு எடுக்கக் கூடாது. தலைமை வழக்கறிஞருக்குப் பத்தாண்டு கிரிமினல் அனுபவம் வேண்டும். நாள் முழுக்க கிரிமினல் வழக்கு மட்டுமே பார்ப்பதால், காசு கொடுத்துப் பிடிக்கிற சிலரைவிட இவர்களுக்கு விசாரணை அனுபவம் கூடுதலாகவே இருக்கும்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இந்த உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமே எழுதிக் கொடுக்கலாம். யாராவது "செலவுக்கு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள், ஆணைக்குழுச் செயலாளரிடம் சொல்லுங்கள். அந்தச் செயலாளர் நீதித் துறை அதிகாரி.

மகன் மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். ஜாமீன் வக்கீல் "நான் பார்த்துக்கிறேன்" என்கிறார்.
- வாசகி, திருநெல்வேலி

குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. 1982-ஆம் வருட 14-ஆவது சட்டம். ஓராண்டு வரை தடுத்து வைக்கலாம். உடைப்பதற்கு ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு. உங்களுக்கு மதுரைக் கிளை. இதை மட்டுமே நடத்துகிற வக்கீல்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பாருங்கள். வழக்கின் நியாய அநியாயத்தில் அவர்கள் நேரம் செலவிட மாட்டார்கள். தடுப்புக் காவல் ஆணையோடு கொடுத்த புத்தகக் கட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார்கள்: எந்தப் பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருக்கிறது, எந்த இங்கிலீஷ் ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லை, ஐந்து நாளுக்குள் கொடுத்தார்களா, நீங்கள் அரசுக்கு அனுப்பிய முறையீட்டைப் பரிசீலிக்க எத்தனை நாள் சும்மா வைத்திருந்தார்கள். ஆணைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓட்டைகளில்தான் ரத்தாகின்றன. அதனால் அந்தக் கட்டு கைக்கு வந்ததும் ஒரு தாளும் தொலையாமல் வைத்திருங்கள், முறையீட்டைத் தாமதிக்காமல் அனுப்புங்கள். போர்டு எனப்படும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் ஆஜராக முடியாது. மகனே பேச வேண்டும், என்ன பேசுவது என்பதை வக்கீல் எழுதித் தருவார்.

ஜாமீன் வக்கீலையும் விட்டுவிடாதீர்கள். குண்டாஸ் ரத்தானாலும் மூல வழக்கில் ஜாமீன் இல்லாவிட்டால் மகன் வெளியே வர முடியாது. முதல் பதிலில் சொன்ன 60, 90 நாள் கணக்கு அவர் பொறுப்பு.

என் மகன் போலீஸ் வேலைக்குப் படிக்கிறான். ரோட்டில் சத்தம் போட்டதாக 75 கேஸ் (நகரப் போலீஸ் சட்டத்தின் 75-ஆவது பிரிவு). "ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு, அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம்" என்று கோர்ட்டில் நின்ற வக்கீல் சொல்கிறார்.
- வாசகர், சென்னை

கட்டாதீர்கள். சில நூறு ரூபாய் ஃபைன் கட்டினாலும் ஏட்டில் அது தண்டனை. போலீஸ் தேர்வில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்கிற விதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஹைகோர்ட் முழு அமர்வும் 2008-இல் அதை ஏற்றிருக்கிறது. மகனுக்கு வேண்டியது சந்தேகமற்ற விடுதலை, அல்லது ஹைகோர்ட்டில் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 528-இல் வழக்கையே ரத்து செய்வது. விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்கும் கட்டத்தில் மறைக்கவும் கூடாது. அந்த வக்கீல் உங்கள் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டாரா? கேட்கவில்லை என்றால் வேறு ஒருவரைப் பாருங்கள், அடுத்த வாய்தாவுக்குள்.